ஏழாம் வளைவில் நிற்பவர்

தண்டாயுதத்தை அடக்கம் செய்த மறுநாள் காலையில், மலைப்பாதையின் ஏழாம் வளைவில் மேகம் இறங்கி, பக்கத்தில் நிற்பவர் கையிலிருக்கும் மம்பட்டிகூடத் தெரியாத அளவுக்கு வெள்ளையாக மூடிக் கிடந்த நேரத்தில், மேஸ்திரி சவரிமுத்து வழக்கம்போலப் பேர் போட்டார். பழக்கத்தில் தண்டாயுதத்தின் பேரையும் சேர்த்துப் போட்டுவிட்டார். பள்ளத்துப் பக்கமிருந்து, வழக்கம்போலவே கொஞ்சம் இருமலோடு, "நிக்கறேன்" என்று பதில் வந்தது.

பேர் போடுவது எங்கள் பெருமுடியின் ரோட்டுக்காரர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். ஐப்பசியில் மழை பிடித்தால் தை முடியும்வரை மலை ஒரு நிலையில் நிற்காது. ஒரு நாள் மண் சரியும், ஒரு நாள் மரம் விழும், ஒரு நாள் வாய்க்கால் அடைத்துத் தண்ணீர் தார் ரோட்டின் மேல் ஓடும், மற்ற நாட்களில் பாசி பிடித்து வளைவெல்லாம் வழுக்கும். அவர்கள் மண்ணை அள்ளுவார்கள், மரத்தை அறுப்பார்கள், வாய்க்காலைக் குத்திவிடுவார்கள், பாசியின் மேல் கல்தூள் தூவுவார்கள், ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், மேகம் இறங்கிவிட்டால் இவையெல்லாவற்றையும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே செய்வார்கள். அதனால் மேஸ்திரி அடிக்கொரு தரம் வரிசையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், கூப்பிடப்பட்டவர் நிற்கிற இடத்திலிருந்து "நிக்கறேன்" என்பார். பதில் வரவில்லையென்றால் எல்லோரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு ஓடுவார்கள். வேலை முடிந்து லாரி வந்ததும் ஒவ்வொரு பேராகச் சொல்லி "ஏறு" என்பார், ஏறியவர் "ஏறிட்டேன்" என்பார். அந்த "நிக்கறேன்"னுக்கும் இந்த "ஏறிட்டேன்"னுக்கும் நடுவில், மழை கொட்டினாலும் அட்டை கடித்தாலும் வீட்டிலிருந்து யார் வந்து கூப்பிட்டாலும், யாரும் தன் இடத்தை விட்டு நகர்வதில்லை.

தண்டாயுதமும் அப்படித்தான் நகராமல் நின்றான். ஏழாம் வளைவில் வாய்க்காலைக் குத்திக்கொண்டிருந்தவன் மேல், மேஸ்திரி "ஏறு" என்று சொல்வதற்குச் சற்று முன்னால், மேட்டு மண் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது.

ஆகவே அன்று காலை பதில் வந்தபோது யாரும் கையிலிருந்ததைக் கீழே போடவில்லை. பதில் வராவிட்டால்தானே தேடிப் போக வேண்டும். கூட வேலை செய்யும் மாதேஷ் மட்டும், "நேத்து உனக்கு மண்ணு போட்ட கையி இன்னும் வலிக்குதுடா, அதுக்குள்ள வேலைக்கு வந்துட்டியா?" என்று வெள்ளையைப் பார்த்துச் சொன்னான். மேஸ்திரி அடுத்த பேருக்குப் போனார்.

சாயங்காலம்தான் சிக்கல் வந்தது. லாரியின் பின்பலகையைப் பிடித்தபடி மேஸ்திரி எல்லோரையும் "ஏறு" என்று ஏற்றினார். தண்டாயுதத்தின் பேருக்கு வந்தபோது வாய் திறந்தபடி நின்றது. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். தண்டாயுதம் உட்காரும் இடம், டயர் மேட்டுக்குப் பக்கத்தில், காலியாக இருந்தது. மேஸ்திரி பேரை விழுங்கிவிட்டு முன்னால் போய் ஏறிக்கொண்டார். லாரி கிளம்பியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊருக்கு விஷயத்தைக் கொண்டுவந்தவர் பஸ் டிரைவர் கமாலுதீன். அந்த வாரம் ஒரு காலை, வண்டி நிறைய ஆட்களோடு இறங்கி வந்தவர், ஏழாம் வளைவில் கண்ணாடிக்கு வெளியே பால் ஊற்றினதுபோல இருக்க, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு நின்றார். பள்ளத்துப் பக்கமிருந்து குரல் வந்தது. "மெதுவா. ஒடி. இன்னும் ஒடி. வலது பக்கம் பள்ளம். நில்லு. இப்ப வா. வா, வா, வா." கமாலுதீன் ஸ்டீயரிங்கை ஒடித்தார், நின்றார், வந்தார். வளைவு தாண்டியதும் ஹார்னை லேசாகத் தட்டி, "வர்றேன் தண்டு" என்றார். ஐந்தாம் வளைவுக்கு வந்த பிறகுதான் அவன் அடக்கத்துக்குத் தான் போய்வந்தது ஞாபகம் வந்தது. அதற்காக வண்டியை நிறுத்தவில்லை. ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது, "குரல் அவனுதுதான். கணக்கும் சுத்தமா இருந்துச்சு. வழி சொல்றவன் உசுரோட இருக்கானா இல்லையான்னு டிக்கெட்ல எங்கயும் போடலியே" என்று சொன்னார்.

எங்கள் ஊர் இதை ஏற்றுக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. முதலில் லாரிக்காரர்கள் ஏழாம் வளைவில் ஜன்னலை இறக்க ஆரம்பித்தார்கள், பிறகு ஜீப்காரர்கள், பிறகு பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் பைக் பையன்கள். எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள், அந்தக் குரல் கேட்டால் மேகம் எவ்வளவு கனமென்று கணக்குப் போட்டுச் சால்வையை இழுத்துக்கொண்டார்கள். யாரோ ஓரக் கல்லின் மேல் ஒரு கட்டு பீடி வைத்தார்கள், யாரோ டீ வைத்தார்கள், டீ ஆறிப்போய் ஆடை கட்டியதும் அவர் வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று சொல்லிக்கொண்டார்கள். அவன் என்று சொல்லிவந்தவர்கள் அவர் என்று சொல்லத் தொடங்கியதும் அந்த வாரம்தான். கல்யாணமான ஜோடிகள் வந்து நின்றன. புது வண்டி வாங்கியவர்கள் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து அங்கே நசுக்கினார்கள். வியாபாரிகள் சங்கத்துத் தலைவர், மளிகைக்கடை தனுஷ்கோடி, தகரக்கூரை போட்டு, 'குளிர்காலக் காவலர்' என்று போர்டு எழுதி வைத்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 'நம் சாலையைக் காப்பவருக்கு நன்றி' என்று கட்டுரைப் போட்டி நடந்தது, பரிசு வாங்கிய பிள்ளைகளை வளைவுக்குக் கூட்டிவந்து போட்டோ எடுத்தபோது, பின்னால் வாய்க்காலில் குனிந்து மண் அள்ளிக்கொண்டிருந்த மாதேஷையும் மற்றவர்களையும் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னார்கள். மேலதிகாரி ஒருவர், ஏழாம் வளைவில்தான் ஆள் இருக்கிறதே, அந்த இடத்துக்குப் புதிதாக ஆள் எதற்கு என்று கேட்டதாகவும் பேச்சு வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் மலையில் ஒரு வண்டியும் கவிழவில்லை. அது உண்மை. அதனால் சாயங்காலம் லாரி கிளம்பும்போது மேஸ்திரி ஒரு பேரை விட்டுவிட்டுப் போவதைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை.

கேட்டவள் ரஞ்சிதம், தண்டாயுதத்தின் மனைவி.

அவள் விஷயத்தில் ஊர் நிஜமாகவே குழம்பிப்போனது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஐயர், "ஆள் டியூட்டியிலே இருக்கறச்சே நான் எப்படிம்மா பிண்டம் வைக்கிறது?" என்று சொல்லித் தட்சணை வாங்காமல் போய்விட்டார். ஒரே சுவரை ஒட்டி வரிசையாக இருந்த லைன் வீட்டுப் பெண்கள் கூடிப் பேசி, மேகம் இறங்கிய நாட்களில் ரஞ்சிதம் பொட்டு வைத்துக்கொள்ளலாம், வெயில் அடிக்கும் நாட்களில் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து மலையைப் பார்த்துவிட்டு அவள் கண்ணாடி முன்னால் போவாள். சில நாள் உச்சிவெயிலில் மேகம் கலைந்துவிடும், அப்போது முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வாள். வாரிசு வேலைக்கான ஆணை வரும்போது வரட்டும் என்று மேஸ்திரி அவளைத் தினக்கூலியாகச் சேர்த்துக்கொண்டார். தண்டாயுதத்தின் ஆரஞ்சு ஜாக்கெட்டையே கை மடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

முதல் நாள் மேஸ்திரி அவளை ஏழாம் வளைவுக்குப் பக்கத்தில் விடவில்லை. பிறகு ஒரு நாள் ஆள் போதாமல் விட வேண்டியதாயிற்று. கல்தூள் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மேகத்துக்குள் நடந்து ஓரக் கல்வரை போய் நின்றாள். இருமல் கேட்டது, கை நீட்டினால் தொடும் தூரத்தில். கை நீட்டினாள். ஈரம் மட்டும் கையில் ஒட்டியது.

"என்னங்க" என்றாள்.

"நிக்கறேன்."

"நான்தாங்க. சாப்ட்டீங்களா?"

"நிக்கறேன்."

"பசிக்கலியா?"

"வலது பக்கம் பள்ளம்" என்றது குரல். அப்போது வண்டி எதுவும் வரவில்லை. அவளுக்குத்தான் சொன்னது. அவள் கால் விளிம்பில் இருந்தது.

வேலையில் இருக்கும்போது வேலைக்கான வார்த்தைதான் அவனிடம் உண்டு என்று அவளுக்குப் புரிந்தது. வீட்டைப் பற்றிக் கேட்டாள், அவன் ஊன்றிவிட்டுப் போன அவரைக்கொடியைப் பற்றிச் சொன்னாள், அவன் தங்கையை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போனதைச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் "நிக்கறேன்" என்றான், ஒவ்வொரு தடவையும் ஏதோ சொல்ல வந்து, அந்த வார்த்தைக்குள்ளேயே அதையும் வைத்துச் சொல்வதுபோல. மார்கழி பிறந்து, விடியலில் புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல உறைந்து கிடந்த நாட்களில், இருமல் நெஞ்சின் அடியிலிருந்து வர ஆரம்பித்தது. குரல் நடுங்கியது. "வா, வா" என்பதற்குள் பற்கள் மோதும் சத்தம் கேட்டது. வண்டிக்காரர்கள் ஜன்னலை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவள்தான் அந்தச் சத்தத்தோடு நிற்பாள்.

ஒரு மத்தியானம் சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்காமலே மேஸ்திரியிடம் போனாள்.

"ஏண்ணா, சாயங்காலம் எங்கூட்டுக்காரரை மட்டும் ஏன் ஏறச் சொல்ல மாட்டேங்கறீங்க?"

சவரிமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பயந்தாம்மா" என்றார் கடைசியில். "கூப்பிட்டா ஏறிடுவான். ஏறி எம் முதுகுக்குப் பின்னாடி உக்காருவான். அன்னிக்கு ஏண்ணா கொஞ்சம் முன்னாடியே கூப்பிடலேன்னு கேட்டா, நான் என்ன சொல்லுவேன்?"

"கேக்க மாட்டாருங்கண்ணா. அவருக்கு அந்த வார்த்தையெல்லாம் இப்ப வராது."

"இப்ப நான் நெனச்சாலும் முடியாதும்மா. ஊரு உடாது."

அவள் கேட்டது பரவி, ஞாயிற்றுக்கிழமை அவளையும் வரச் சொல்லி வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். ஊர் முழுக்க வந்தது, நாங்களும் ஜன்னல் ஓரம் நின்றோம். தனுஷ்கோடி நாற்காலியை விட்டு எழுந்து, கை கூப்பிவிட்டுத்தான் பேசினார். கெட்ட மனிதர் இல்லை.

"தங்கச்சி, அவரு இப்ப உனக்கு மட்டும் சொந்தமில்ல. ஊருக்கே காவல். இந்த வருசம் ஒரு உசுரு போகல பாரு."

"காவலுக்கு லீவு கெடையாதுங்களா?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திவிட்டார்கள்.

"அதான் கூரை போட்டாச்சேம்மா" என்றார் தனுஷ்கோடி. "பொங்கலுக்குச் சுத்தியும் கம்பி வேலி வேற போடறோம்."

"வேலியா? ஏற்கெனவே நகர முடியாமத்தானுங்க நிக்கிறாரு. மாலை போடறீங்க, அதை வாங்கக் கையி இல்ல. டீ வெக்கிறீங்க, அதைக் குடிக்க வாயி இல்ல. குளுரு மட்டும் அவருக்கு அப்படியே இருக்குது. நீங்க கண்ணாடிய ஏத்திட்டுப் போயிடறீங்க, நான் பக்கத்துல நின்னு கேக்கறேன், பல்லு அடிச்சுக்குது. அவருக்கு வேணுங்கறது லாரியில உக்கார ஒரு எடம்."

பின்னாலிருந்து ஒருவர், "எல்லாஞ் சரிம்மா, நாளைக்கே பஸ் உருண்டா யாரு பொறுப்பு?" என்றார். அதுதான் எல்லோர் மனசிலும் இருந்தது.

"நான் நிக்கறேன்" என்றாள் ரஞ்சிதம்.

எல்லோரும் கமாலுதீனைப் பார்த்தார்கள், வண்டி ஓட்டுபவர் அவர் என்பதால். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "ஒரு நாள் நிக்கட்டும். அந்தப் பொண்ணு குரலுக்கு எங்கையி ஸ்டீயரிங்க ஒடிக்குதான்னு பாப்போம். ஒடிக்கலேன்னா தண்டுவே இருக்கட்டும், மேற்கொண்டு பேச்சு வேண்டாம்" என்றார். அப்படியே முடிவானது.

மறுநாள் மேகம் அதுவரை பார்க்காத கனத்தில் இறங்கியது. மேஸ்திரி பேர் போட்டார். தண்டாயுதம் என்றதும் ஏழாம் வளைவிலிருந்து "நிக்கறேன்" என்று வந்தது, ரஞ்சிதம் என்றதும் அதே இடத்திலிருந்து இன்னொரு "நிக்கறேன்" வந்தது. பஸ் மேலே கிளம்பி ஒவ்வொரு வளைவாகக் கீழே இறங்கியது. நாங்கள் உள்ளே இருந்தோம், எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, காதை வெளியே வைத்துக்கொண்டு.

"மெதுவா" என்றது அவன் குரல்.

"மெதுவாங்கண்ணா" என்றாள் அவள்.

"ஒடி" என்றான் அவன். "ஒடிங்க, ஒடிங்க" என்றாள் அவள், ஒரு மூச்சு தாமதமாக. அந்த ஒரு மூச்சில் கமாலுதீன் ஒருமுறை ஒடிக்க வேண்டிய இடத்தில் இருமுறை ஒடித்துவிட்டார். முன்சக்கரத்துக்கடியில் சரளை நழுவிப் பள்ளத்தில் விழும் சத்தம் கேட்டது, விழுந்து, இன்னும் விழுந்து, கேட்காமல் போனது. உள்ளே ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. "அவரை மட்டும் பேசச் சொல்லுங்கய்யா!" என்று ஒருவர் கத்தினார்.

கமாலுதீன் பிரேக்கை மிதித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே ரஞ்சிதம் தாழ்ந்த குரலில் பேசுவது எங்களுக்குக் கேட்டது. பஸ்ஸோடு பேசவில்லை.

"நீங்க பேசாதீங்க. இத்தன நாளு பேசுனது போதும். நீங்க எதுனா சொன்னீங்கன்னா என்னால உங்கள வூட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. கேக்குதுங்களா?"

"நிக்க..." என்று தொடங்கிய குரல் பாதியில் நின்றது. அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாக ஏழாம் வளைவு சத்தமில்லாமல் இருந்தது. இருமலைக்கூட அவன் அடக்கிக்கொண்டிருந்தான். அது எவ்வளவு கஷ்டமென்று எங்களுக்கே தெரிந்தது.

பிறகு அவள் குரல் மட்டும் வந்தது. முதலில் நடுங்கி, பிறகு நடுங்காமல். "பின்னாடி எடுங்கண்ணா. போதும். இப்ப ஒடிங்க. வலது பக்கம் நான் நிக்கறேன், என்னத் தாண்டி ஒண்ணுமில்ல. வாங்க. வாங்க. கொஞ்சம் ஒடிங்க. அவ்ளோதான். வாங்க, வாங்க, வாங்க." பஸ் அவளை உரசினாற்போலக் கடந்தபோது, ஆரஞ்சு ஜாக்கெட்டும் ஈரமான முகமும் ஜன்னலுக்கு வெளியே ஒரு கணம் தெரிந்து மறைந்தன. கையை நீட்டினால் தொட்டிருக்கலாம். இத்தனை வருஷமும் எத்தனையோ ஜாக்கெட்டுகள் அப்படித் தெரிந்து மறைந்திருக்கின்றன. ஒன்றின் முகமும் எங்களுக்கு ஞாபகம் வரவில்லை.

கமாலுதீன் ஹார்னைத் தட்டவில்லை. தலையை வெளியே நீட்டி, "வர்றேம்மா" என்றார்.

சாயங்காலம் லாரி வந்தது. மேஸ்திரி ஒவ்வொருவராக ஏற்றினார், ரஞ்சிதத்தையும் ஏற்றினார். அவள் டயர் மேட்டுக்குப் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள். மேஸ்திரி பின்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தண்டாயுதம்" என்றார். "நேரமாச்சுப்பா. என் தப்புத்தான். ஏறு."

மேகம் அசையவில்லை. மாதேஷ் மற்றவர்களை முழங்கையால் இடித்து, "நகருங்கடா, அவன் காலு எங்க வெப்பான்?" என்றான். நகர்ந்தார்கள். லாரியின் பின்பக்கம், ஒரு ஆள் ஏறினால் தாழ்வதுபோல, முனகிக்கொண்டு கொஞ்சம் தாழ்ந்தது.

"ஏறிட்டேன்."

ஊர் வரும்வரை ரஞ்சிதத்தின் இடது தோள் மட்டும் நனைந்துகொண்டே வந்தது. லைன் வீட்டு முன்னால் லாரி நின்றதும் அவள் இறங்கினாள், லாரி இரண்டு ஆள் கனம் குறைந்து நிமிர்ந்தது. கதவைத் திறந்து, சாத்தாமல் உள்ளே போனாள். பாயை விரித்தாள். வீட்டிலிருந்த போர்வை எல்லாவற்றையும், கல்யாணத்துக்கு வந்து பிரிக்காமல் வைத்திருந்த கம்பளியையும் எடுத்து அதன் மேல் போட்டாள். அடுப்பை இழுத்துப் பக்கத்தில் வைத்து விறகைத் தள்ளினாள். கம்பளி மெல்ல மேலெழுந்து, ஒரு ஆள் படுத்திருக்கும் அளவுக்கு நின்றது. அதன் மேல் வைத்த கை சில்லென்று நனைந்தது.

ஏதாவது பேசுவான் என்று உட்கார்ந்திருந்தாள். இப்போது எந்த வார்த்தையும் பேசலாம். அவனோ இருமவுமில்லை, பேசவுமில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்தான்.

நின்றே கழித்த ஒரு குளிர்காலத்துக்கும் சேர்த்து விட்ட குறட்டை அது. அலமாரியில் தம்ளர்கள் அதிர்ந்தன. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே விளக்கு வைக்கும் நேரம்தான். பக்கத்து வீட்டுப் பழனியாண்டி, டீ ஃபேக்டரியில் விடிகாலை ஷிப்டுக்குப் போகிறவர், இருட்டியதும் படுத்துவிடுபவர், அரைத்தூக்கத்தில் சுவரை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

"அட தண்டு! திரும்பிப் படுய்யா! மனுசன் தூங்க வேணாமா?"

கம்பளி அசைந்தது. யாரோ அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்கள். குறட்டை நின்றது.

சுவருக்கு அப்பால், தான் யார் பேரைச் சொன்னோம் என்று உறைத்து, பழனியாண்டி எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. ரஞ்சிதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது மறுபடி தொடங்கும் என்று காத்திருந்தாள். விறகு எரிந்து தணிந்து சாம்பலானது. பிறகு கம்பளியின் மேல் கையை வைத்தாள். அது தட்டையாக இருந்தது. காய்ந்திருந்தது.